அந்தோணிசாமி அண்ணனின் பழைய தொலைநோக்கிக்கு நான் கட்டிய சிவப்பு அட்டை

செய்தி வந்தபோது உடனிருந்தவர்கள்: நான்; என் வீட்டுக்காரர்; முருங்கைக்கீரை கொடுக்க வந்த பக்கத்து வீட்டு லட்சுமி; போனின் மறுமுனையில் பண்டசோழநல்லூர் கலியபெருமாள். வேறு யாரும் இல்லை. தை மாதத்தின் கடைசி வியாழன், காலை ஏழு மணிக்குச் சற்று முன். சாமி விளக்கின் திரியைத் தூண்டிவிட்ட எண்ணெய்க் கையோடு போனை எடுத்தேன்.

“விசாலம்மா, அந்தோணி அண்ணன் பூட்டாரும்மா” என்றார் கலியபெருமாள்.

“யாரு சொன்னது?”

“ஸ்டெல்லாக்காவோட தம்பி.” ஸ்டெல்லாக்கா அண்ணனின் மனைவி.

“நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“இன்னாம்மா நீ, சாவு சேதிக்கும் சாட்சி கேக்கற! நான் அவுரு வூட்டு வாசல்லதான் நிக்கிறன். மாரு வலிக்குதுன்னு நாற்காலியில ஒக்காந்தாராம். அப்படியே போயிட்டாரு.”

அப்போதும் நான் நம்பவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா, டாக்டர் பார்த்தாரா என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன். என் வீட்டுக்காரர் போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

யார் யார் இருந்தார்கள் என்று நான் இங்கே முதலில் எழுதியது அண்ணனிடம் வந்த பழக்கம். எந்தக் குறிப்பானாலும் உடனிருந்தவர் பெயரில்தான் தொடங்குவார். “பாத்தவன் பேரு இல்லன்னா அது ரிப்போர்ட்டு இல்ல, வதந்தி” என்பார். திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் முப்பது வருடம் தரம் பார்க்கும் வேலையில் இருந்தவர். அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் மாதிரி உருப்படியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது, அளப்பது, அட்டை கட்டுவது. நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்பு, தெரியாததற்கு மஞ்சள். ஓய்வு பெற்ற பிறகு யாரோ பயன்படுத்திய ஸ்மார்ட் தொலைநோக்கி ஒன்றை வாங்கி, அதே வேலையை வானத்தில் செய்துகொண்டிருந்தார்.

இதைப் படிக்கிறவர்களில் அவரோடு கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கருவி தெரியாமல் இருக்கலாம். இதில் கண்ணை வைத்துப் பார்க்கிற குழாய் கிடையாது. மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு பெட்டி. போனில் ஒரு நட்சத்திரக் கூட்டத்தின் பெயரைத் தொட்டால் தானே தேடித் திரும்பும். பத்துப் பத்து விநாடியாகப் படம் எடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மங்கலாக இருப்பதையெல்லாம் மெல்ல மெல்லத் துலங்க வைத்துப் போனுக்கு அனுப்பும். அண்ணனிடம் இருந்தது பழைய மாடல். புது மாடல் எங்கள் வீட்டில் இருந்தது. ஓய்வு பெற்ற கையோடு என் வீட்டுக்காரர் ஆசையாக வாங்கினார். இரண்டே வாரத்தில் கழுத்து வலி என்று மூலையில் வைத்துவிட்டார். கழுத்தைத் தூக்கவே வேண்டாத கருவிக்கு எப்படிக் கழுத்து வலி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள். செய்முறைப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்து நானே பழகிக்கொண்டேன்.

அண்ணன் முதன்முதலில் வில்லியனூருக்கு எங்கள் வீடு தேடி வந்தபோது நான் கேட்டைத் திறக்கவில்லை. கையில் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. ஏதோ பாலிசி பிடிக்க வந்தவர் என்று நினைத்தேன். உடன் வந்த அவர் நண்பர் கலியபெருமாள், “புது மாடல் வச்சிருக்கீங்களாமே, அண்ணனுக்குப் பாக்கணுமாம்” என்றார். அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு அடுத்த சந்தேகம். அண்ணன் கேட்டுக்கு வெளியே நின்றபடியே ஒரு கேள்வி கேட்டார்.

“ஏம்மா, உங்க மிஷினு படம் எடுக்குதா, இல்ல அதுவே வரையுதா?”

புது மாடலில் ‘படத்தைச் சுத்தம் செய்’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தொட்டால் படத்தின் பொரிபொரியெல்லாம் போய் வழவழப்பாகிவிடும். அப்போது இல்லாத நட்சத்திரத்தையும் சேர்த்து வரைகிறதோ என்று எனக்கும் பல நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. வீட்டில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அதே சந்தேகத்தோடு ஒருவர் பாகூர் ரோட்டைத் தாண்டி வண்டியில் வந்திருக்கிறார். கேட்டைத் திறந்தேன்.

அப்படித் தொடங்கியது எங்கள் ஒப்பீடு. நான் மாதந்தோறும் கிருத்திகை விரதம் இருப்பவள். எனவே கார்த்திகைக் கூட்டத்தையே எடுப்பது என்று முடிவாயிற்று. “உங்க முருகனைத் தூக்கி வளத்த ஆறு பேரும் இருக்காங்களான்னு பாத்துடுவோம். ஒருத்தர் கொறஞ்சாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றார் அண்ணன். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். என் சாமியைக் கேலி செய்தார் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. என் சாமிக்கும் அவர் தரம் பார்த்துப் பச்சை அட்டை கொடுக்கத் தயாராக இருந்தார், அவ்வளவுதான்.

விதிகளை அவரே சொல்ல நான் நோட்டில் எழுதினேன். ஒரே மாலை, ஒரே இடம். கலியபெருமாளின் கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகை மாடியில் இரண்டு கருவிகளும் பக்கத்தில் பக்கத்தில். ஏழு மணிக்குத் தொடக்கம், இருபது நிமிடம் படம். புது மாடலில் சுத்தம் செய்யும் பொத்தானைத் தொடக் கூடாது. படத்தைப் போனில் வைத்து ஒப்பிடக் கூடாது. “ஆளுக்கொரு போனு, போனுக்கொரு வெளிச்சம். ரெண்டும் ரெண்டு விதமா பொய் சொல்லும். காயிதத்துல போடு” என்றார். என் படங்களை நான் வில்லியனூர் ஜெராக்ஸ் கடையில் பளபளப்புத் தாளில் எடுத்தேன். அவர் படங்களை அவர் தம் ஊர்ப் பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்து வந்தார். பகல் பதினோரு மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் வைப்போம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு சதுரம் வெட்டி வைத்திருந்தேன். அதைப் படத்தின் மேல் வைத்து, சதுரத்துக்குள் தெரியும் புள்ளிகளைப் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ணுவேன். பால் எத்தனை லிட்டர், கேஸ் எந்தத் தேதி, மழை எத்தனை நாள் என்று எழுதிப் பழகிய கைக்கு அது சிரமமாக இல்லை.

முதல் எண்ணிக்கையில் புது மாடலில் அறுபத்து மூன்று, பழையதில் முப்பத்தொன்று. அடுத்த தடவையும் ஏறக்குறைய அப்படியே. அதற்கடுத்த தடவையும். பாதிக்குப் பாதி நட்சத்திரங்களைக் காணோம். ஆனால் பழைய மாடலின் கறுப்பு மட்டும் அத்தனை துல்லியம். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “பழசுதான் சுத்தமா இருக்கு. நீ எடுத்ததுல ஒரே தூசி” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “என் மிஷினு இவ்ளோ மோசம் இல்லம்மா” என்றார். தன் பொருளை யார்தான் விட்டுக்கொடுப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மார்கழியில் ஒரு நாள். மேசையைச் சுற்றி நாங்கள் மூவரும். வீட்டில் ஸ்டெல்லாக்கா வைத்த கிறிஸ்துமஸ் குடிலைக் காட்ட அண்ணன் போனைத் திறந்தார். குடிலுக்கு அடுத்த படம் கார்த்திகை. விரல் பட்டு அது நகர்ந்து வந்தது. நான் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசையில் இருந்த அதே படம், அதே நாள். ஆனால் சின்னச் சின்ன நட்சத்திரங்கள் பொரிபோலச் சிதறிக் கிடந்தன. அட்டைச் சதுரத்துக்குள் வரும் இடத்தை மட்டும் எண்ணினேன். ஐம்பத்தெட்டு.

“அச்சுல முப்பத்தொண்ணு. போன்ல ஐம்பத்தெட்டு. இது எங்கேர்ந்துண்ணா வந்துச்சு?” என்றேன்.

“ஊருக்குப் போயிருந்திருக்கும். பஸ்ஸு கெடச்சதும் திரும்பி வந்திருக்கும்” என்றார் கலியபெருமாள்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் போனையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்தது குழப்பம் என்று இப்போது தெரிகிறது. அன்று அது மாட்டிக்கொண்டவர் முகமாகத் தெரிந்தது. என் படத்தைப் பார்த்து, போனில் இருப்பதில் நட்சத்திரங்களைச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை.

“சேக்கறதுக்கு ஏதாவது ஆப்பு வச்சிருக்கீங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டேன்.

போனை மேசையில் வைத்தார். பிறகு, “சந்தேகப்படுமா, தப்பில்ல. ஆனா மஞ்ச அட்ட கட்டு. மஞ்சன்னா மறுபடி பாக்கணும்னு அர்த்தம். பாக்காம செவப்பு கட்டிடாத” என்றார். காப்பி ஆறிப் போயிருந்தது. அதைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மணப்பட்டுப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளி. தம் பழைய கருவியை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணனுக்கு அதை வாங்கிய நாளிலிருந்து இருந்த எண்ணம். கடலோரத்தில் கிழக்கு வானம் தடையில்லாமல் தெரியும், பிள்ளைகளுக்கு நட்சத்திரம் புதிது இல்லை, படம் எடுக்கத்தான் வழியில்லை என்பார். பெட்டியைக் கொண்டுபோய்ப் பள்ளியில் கொடுத்தபோது தலைமையாசிரியை நியாயமாக ஒன்று கேட்டார்: கருவி சரியாக இருக்கிறது என்று உங்கள் மூவரில் ஒருவர் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். நோட்டு என்னிடம் இருந்ததால் எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் எழுதியது ஒரே வரி: “பழைய மாடலின் படங்கள் நம்பத்தக்கவை அல்ல.” கீழே என் பெயர்.

பொங்கல் கழிந்து பெட்டி திரும்பி வந்தது. அண்ணனே போய் வண்டியின் முன்னால் வைத்துக் கட்டி எடுத்து வந்தார் என்று கலியபெருமாள் சொன்னார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மௌனத்தையும் நான் சந்தேகித்தேன். குற்றம் இல்லாதவர் என்றால் சண்டைக்கு வந்திருப்பாரே!

அவர் இறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு ஒரு செய்தி வந்தது. “விசாலம்மா, என் படத்தையும் உங்க கடையிலயே ஒரு தடவ போட்டுப் பாக்கலாமா? நான் அனுப்பறேன், நீங்களே போடுங்க.” படித்தேன். எந்தப் படத்தை அனுப்பப் போகிறாரோ, அதில் என்ன செய்து வைத்திருக்கிறாரோ என்று எண்ணினேன். பதில் எழுதவில்லை. திங்கள், செவ்வாய், புதன் போயிற்று. வியாழக்கிழமை கலியபெருமாளின் போன்.

அடக்கத்துக்குப் போனேன். மண் போட்டேன். அப்போதும் என் மனதில் கணக்கு மாறவில்லை. நல்ல மனிதர், ஒரு விஷயத்தில் சறுக்கிவிட்டார், ஆண்டவன் மன்னிக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். மன்னிப்பு யாருக்குத் தேவைப்பட்டது என்று தெரிய இன்னும் ஒரு மாதம் ஆயிற்று.

முப்பதாம் நாள் பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பாடு. கூடத்தில் பெரிய சட்டம் போட்டு அண்ணனின் படம், ரோஜா மாலை. பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. சின்ன வயதில் அம்மை போட்டு அவர் கன்னம் முழுக்கக் குழிகுழியாகத் தழும்பு உண்டு. படத்தில் ஒன்றுகூட இல்லை. முகம் மாவு பூசியது போல இருந்தது.

“இது யாரு வூட்டு மாப்பிள்ளன்னு நானே கேட்டேன்” என்றார் ஸ்டெல்லாக்கா. “நாப்பது வருஷமா தடவுன கன்னம். இந்த மூஞ்ச எனக்குத் தெரியல.”

படம் போட்ட ஸ்டுடியோக்காரர் முருகையன் அங்கேயே பந்தியில் இருந்தார். நான் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“தழும்ப எடுக்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?”

“யாரு சொல்லணும்க்கா? எங்க கைக்கு எந்தப் படம் வந்தாலும் புள்ளி, கறை எல்லாம் எடுத்துட்டுதான் பிரிண்டு போடுவோம். நம்ம கட பழக்கம் அது.”

“அண்ணன் வானத்துப் படம் கொண்டாருவாரே, அது?”

“அந்தக் கருப்புப் படமா? ஐயோ, அது இன்னா தூசி! கண்ணாடி தொடைக்காமயே எடுத்திருப்பாரு போல. பெரிய புள்ளி நட்சத்திரம்னு எனக்கும் தெரியும், அத விட்டுடுவேன். சில்ற புள்ளிய எல்லாம் ஒண்ணொண்ணா பாத்து எடுப்பேன். ஒரு படத்துக்கு அர மணி நேரம் ஆவும்க்கா. வேற யாருக்கும் அவ்ளோ செய்ய மாட்டேன்.”

“அவருகிட்ட சொன்னீங்களா?”

“இதப் போயி சொல்லிக்கினு இருப்பாங்களா?” என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு, செய்த நல்லதைச் சொல்லிக் காட்ட விரும்பாதவர் போல.

பக்கத்து இலையில் இருந்த கலியபெருமாள் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னையே பார்த்தார். மிஷினின் சுத்தம் செய்யும் பொத்தானைத் தொடக் கூடாது என்று விதி எழுதினோம். எந்தக் கடையில் அச்சுப் போடுவது என்று எழுதவில்லை.

இதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. ஸ்டெல்லாக்காவிடம் அண்ணனின் போனைக் கேட்டு வாங்கி, கருவிக்குள் தங்கியிருந்த மூலப் படங்களையும் அதில் இறக்கிக்கொண்டேன். மறுநாள் வில்லியனூர் ஜெராக்ஸ் கடையில், அதே தாளில், நான் பக்கத்திலேயே நின்று, அத்தனை படங்களையும் மறுபடி எடுத்தேன். இறக்கிய மூலப் படங்களையும் எடுத்தேன். மார்கழியில் பார்த்த அந்தப் படத்தை மூன்று தடவை எண்ணினேன். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு.

எனவே இப்போது நான் எழுத வேண்டிய ரிப்போர்ட் இது. புது மாடல் வானத்தில் அதிக இடத்தைப் பிடிக்கிறது. அதில் மூலை வரைக்கும் நட்சத்திரம் உருண்டையாக இருக்கிறது. பழையதில் மூலை நட்சத்திரங்கள் லேசாக இழுபட்டிருக்கின்றன. ஓர் ஓரத்தில் மங்கலாக ஒரு செம்மை படர்கிறது. கார்த்திகையைச் சுற்றிய நீலப் புகை புதியதில் நன்றாகத் தெரிகிறது, பழையதில் தேடினால்தான் தெரியும். மங்கிய நட்சத்திரங்களில் ஐந்தாறு பழையதற்கு எட்டவில்லை. மற்றபடி அது கண்டதைத்தான் காட்டியது. அண்ணன் ஒரு புள்ளியைக்கூடச் சேர்க்கவில்லை.

இதை ஸ்டெல்லாக்காவிடம் போய்ச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“அவரு உன்ன ஒண்ணும் சொல்லலம்மா. ‘அந்தம்மா எதையும் சும்மா நம்பாது, அப்படித்தான் இருக்கணும்’னாரு. எனக்குத்தான் ஆத்திரம். பள்ளிக்கூடத்துலேர்ந்து பெட்டியத் தூக்கிக்கினு வந்து வெச்சாரு பாரு, அன்னிக்கு அவரு சாப்புடல.”

“மன்னிச்சுடுங்கக்கா.”

“என்கிட்ட எதுக்கு? அந்தப் பெட்டியப் புள்ளைங்க கையில சேத்துட்டு வா. அப்புறம் பேசலாம்.” முறத்தைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

அந்த மாதக் கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போனேன். வழக்கமாக வேண்டிக்கொள்ள ஒரு பட்டியல் இருக்கும். அன்று சன்னதியில் எதையும் கேட்க வாய் வரவில்லை. திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தி ஒன்றுதான். என் போனில் அப்படியே இருக்கிறது. அவர் பிள்ளைகள் அச்சுப் படங்களையும் குறிப்புகளையும் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வரி என்னுடையது. எதிலும் சந்தேகப்படுவதை நான் விடப்போவதில்லை. அவரே விடச் சொல்லவில்லை. மறுபடி பாருங்கள் என்று ஒருவர் கேட்டால் அன்றைக்கே பார்ப்பது என்று மட்டும் மாற்றிக்கொண்டேன்.

இனி மணப்பட்டுப் பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை அம்மாவுக்கு. நீங்கள் பெட்டியைத் திருப்பி அனுப்பியது என் எழுத்தை நம்பி. அந்த எழுத்து தவறு. அதை எழுதியவள் நான், சரிபார்க்காமல் எழுதினேன். இப்போது பெட்டி வில்லியனூரில் என் வீட்டில் இருக்கிறது. வாரம் ஒரு தடவை சார்ஜ் போட்டு வைக்கிறேன். ஆனால் என் வார்த்தையை நம்பி அதை வாங்கிக்கொள்ளாதீர்கள். ஒரு மாலை இரண்டு கருவிகளையும் எடுத்துக்கொண்டு கலியபெருமாளும் நானும் உங்கள் பள்ளி மாடிக்கு வருகிறோம். உங்கள் பிள்ளைகளே படம் எடுக்கட்டும், நீங்கள் சொல்லும் கடையில் அச்சுப் போடட்டும், அவர்களே எண்ணட்டும். நான் தொட மாட்டேன். எண்ணிக்கை சரியென்று அவர்கள் சொன்னால் மட்டும் அண்ணன் பெயரில் பெட்டியை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பங்குனி முடிந்தால் கார்த்திகைக் கூட்டம் மேற்கில் தாழ்ந்துவிடும், பிறகு ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். ஸ்டெல்லாக்காவை அத்தனை மாதம் காக்க வைக்க என்னால் முடியாது. எந்த நாள் வரலாம் என்று இந்த வாரத்துக்குள் பதில் எழுதுங்கள்.